ஷாஃப்டில் நாற்பது நிமிடம்

“முதல்ல இதைச் சொல்லு பாப்பா. ஜெயில் உண்டா, இல்லையா?” என்று சித்தப்பா கேட்டார்.

“இல்லை சித்தப்பா. ஆனா…”

“அந்த ஆனாவைப் படி,” என்றார் சித்தி.

சமையலறை மேசையில் தீர்ப்பின் பதினொரு பக்கங்களும் இருந்தன. நீதிமன்றத்தில் நடப்பதெல்லாம் வேறொரு மொழியில். எங்கள் குடும்பத்தில் அதைப் பள்ளியில் முறையாகப் படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் அப்பா என்னைத் தன் தம்பி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

“ஒரு வருஷம் சிறைன்னு போட்டிருக்கு. ஆனா அதை நிறைவேத்தலை, நிறுத்தி வெச்சிருக்காங்க. பதினெட்டு மாசம் நன்னடத்தைக் காலம். அதுல ஒழுங்கா இருந்தா அந்த ஒரு வருஷம் வராது.”

“ஒழுங்கு தவறினா?”

“அந்த ஒரு வருஷம் வரும்.”

“அப்போ ஜெயில் வாசல்லதான் நிக்குது. உள்ள வரலை, அவ்வளவுதான்,” என்றார் சித்தி.

சித்தப்பா அவரைக் கையமர்த்திவிட்டு, “மேல படி,” என்றார்.

படித்தேன். முதல் ஆறு மாதம் காலில் மின்னணுப் பட்டை. இரவு எட்டு முதல் காலை ஆறு வரை வீட்டை விட்டு நகரக்கூடாது. நகர எல்லையைத் தாண்டக்கூடாது. செவ்வாய்தோறும் நன்னடத்தை அலுவலரிடம் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

“மறுபடியும் கையெழுத்தா?” என்றார் சித்தி. “கையெழுத்தாலதானே இந்தக் கதியே வந்தது!”

சித்தப்பா குனிந்து தன் கால்களைப் பார்த்தார். “பட்டை எந்தக் கால்லன்னு போட்டிருக்கா?” என்று என்னைக் கேட்டார்.

“போடலை.”

“இடது கால்னு கேளு. ஏணியில முதல்ல வைக்கறது வலது கால். அங்க ஏதாவது இடிச்சா தடுமாறும்.”

இருநூறு மணி நேரம் சம்பளமில்லாத பொதுப்பணி. பத்து வாரம் பணிப் பாதுகாப்பு வகுப்பு. காயம்பட்ட பெண்மணியை நேரிலோ போனிலோ தொடர்புகொள்ளக் கூடாது. வேலையை விடக்கூடாது, வேலை போனால் இரண்டு நாளில் தெரிவிக்க வேண்டும். பட்டையின் சிக்னல் நின்றால் அதைக் கண்காணிக்கும் அலுவலகத்திலிருந்து கூப்பிடுவார்கள். பத்து நிமிடத்துக்குள் போனை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அது ஒரு மீறல். மூன்று மீறல் ஆனால் விவகாரம் நீதிபதியிடம் போகும்.

“போன்தானே? எடுத்துட்டாப் போச்சு,” என்றார் சித்தப்பா. “பெரிய கண்டத்துல தப்பிச்சேன்.”

“தப்பிச்சாரா, தள்ளிப் போட்டாரா?” என்று சித்தி என்னைக் கேட்டார்.

அன்று அந்த மேசையில் மூன்று பேர் இருந்தோம். அதில் ஒருவர் முப்பது வருடமாக லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஆனாலும் சிக்னல் எங்கே நிற்கும் என்று மூவருக்கும் தோன்றவில்லை.

சித்தப்பாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கூட வேலை செய்பவர்கள் அவரை ‘பிரேக்’ என்று கூப்பிடுவார்கள், எதற்கும் ஒரு நொடி நின்று யோசிப்பவர் என்பதால். லிஃப்டோடு பேசும் பழக்கம் அவருக்கு உண்டு. “என்னடா, காலையிலேயே முனகுற?” என்று கதவில் காதை வைத்துக் கேட்பார். ஆனால் வேலையில்லாத நேரத்தில் ஏழாவது மாடியானாலும் படியேறித்தான் போவார். ஏன் என்று கேட்டால், “நான் பாத்த லிஃப்டுன்னா ஏறுவேன். இது எவன் பாத்ததோ!” என்பார்.

அப்படிப்பட்டவர்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். லிஃப்ட் பெட்டி மேலும் கீழும் ஓடுகிற, கிணறு போல உயர்ந்த இடத்தை அவர்கள் ஷாஃப்ட் என்பார்கள். ஒவ்வொரு மாடிக் கதவின் பூட்டும் அதன் உள்பக்கம்தான் இருக்கும். பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று, மாடி மாடியாக இறங்கிக்கொண்டே அதைச் சோதிக்க வேண்டும். ஒரு நாள் பன்னிரண்டு கட்டடங்களைப் பார்க்க வேண்டியிருந்ததால், பதினோராவது கட்டடத்தில் அவர் உள்ளே போகவில்லை. தரைத்தளத்தில் நின்றே பதிவேட்டில் ‘சோதித்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். ஒன்பது நாள் கழித்து, பெட்டி முழங்கால் அளவு கீழே நின்றிருக்கும்போதே மூன்றாம் மாடிக் கதவு திறந்துகொண்டது. நூலகத்தில் வேலை செய்த ஒரு பெண்மணி கையில் புத்தகக் கட்டோடு காலை எடுத்து வைத்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அந்த அம்மாவின் நடை இன்னும் சரியாகவில்லை.

நீதிமன்றத்தில் சித்தப்பா எதையும் மறுக்கவில்லை. பழைய கம்பெனி அவரை அனுப்பிவிட்டது. தீர்ப்புக்கு முன்பே வேறொரு சின்ன கம்பெனி, குறைந்த சம்பளத்துக்குச் சேர்த்துக்கொண்டது.

பட்டையை இடது காலில்தான் போட்டார்கள். கறுப்பு நிறம், சோப்பு டப்பா அளவு. தினமும் இரண்டு மணி நேரம் சார்ஜ் ஏற்ற வேண்டும். சித்தப்பா சுவர் ஓரமாக நாற்காலியைப் போட்டு, பிளக்கோடு பிணைத்த காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். “மனுஷனுக்கும் சார்ஜ் போடற காலம் வந்துடுச்சு,” என்று சித்தி சொல்வார். பட்டறையில் ஒருவன், “பிரேக் அண்ணே, கொலுசு நல்லாருக்கு. சத்தம்தான் வரலை,” என்றானாம். “வரும்டா. வந்தா போலீஸோடதான் வரும்,” என்று இவரும் சிரித்திருக்கிறார்.

சிரிப்பெல்லாம் வெளியில்தான். வீட்டில் அழைப்பு மணி அடித்தால் சித்தி கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். நன்னடத்தை அலுவலர் முன்னறிவிப்பில்லாமல் வரலாம், அலமாரியைத் திறந்து பார்க்கலாம் என்றும் அந்தப் பதினொரு பக்கத்தில் இருந்தது. அந்த அலுவலர் நடுத்தர வயதுப் பெண். குரலை உயர்த்தமாட்டார். அதனாலேயே எங்களுக்கு அவரிடம் பயம் கூடுதல். சித்தப்பா அவரை ‘ஆபீசரம்மா’ என்பார். செவ்வாய்க்கிழமை அரை மணி முன்னதாகவே போய், ஷூவைத் துடைத்துக்கொண்டு, நடைபாதை பெஞ்சில் உட்காருவார். பேச்சை மொழிபெயர்க்க நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சனிக்கிழமைகளில் அரசு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கினார். மூலைகள் நேராக வராவிட்டால் பிரித்து மறுபடி மடிப்பாராம். “உங்க சித்தப்பா எங்களையெல்லாம் கெட்ட பேர் வாங்க வைக்கறார்மா,” என்று அங்கிருந்த மேஸ்திரி என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

முதல் மீறல் மூன்றாவது வாரத்தில் வந்தது.

ஷாஃப்ட் என்பது நான்கு பக்கமும் கான்கிரீட். உள்ளே இரும்புத் தண்டவாளம், இரும்புக் கயிறு, இரும்புப் பெட்டி. சித்தப்பா பெட்டியின் கூரைமேல் ஏறி நின்ற சில நிமிடங்களில் பட்டையின் சிக்னல் அறுந்துவிட்டது. அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். போன் மேல்மாடியில் கருவிப்பெட்டிக்குள் கிடந்தது. ஷாஃப்டுக்குள் போகிறவர்கள் சட்டைப்பையில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். சாவி, சில்லறை, பேனா, போன் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். பத்தாவது மாடியிலிருந்து ஒரு பேனா விழுந்தாலும் கீழே குழியில் நிற்பவன் தலைக்கு அது ஈட்டி. தொழிலுக்கு வந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. முப்பது வருடத்தில் அவர் அதை மீறியதே இல்லை.

அலுவலகக் கணினிக்கு இதெல்லாம் தெரியாது. ஆள் காணாமல் போனான், கூப்பிட்டும் எடுக்கவில்லை. அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது.

இரண்டாவது முறை அதே வாரத்தில். அந்த முறை போலீஸ் நேராக வீட்டுக்கே வந்தது. சித்தி எனக்கு போன் செய்தபோது பேச்சு வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் சித்தப்பா ஷாஃப்டிலிருந்து வெளியே வந்து, தனக்குத் தெரிந்த அரைகுறைப் பேச்சில் அலுவலகத்துக்குப் போனில் விளக்கிவிட்டார். போலீஸ்காரர்கள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். சித்தி அந்த இரண்டு தம்ளர்களையும் கழுவாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்த செவ்வாயன்று ஆபீசரம்மா சொன்னார்: “நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் நான் நம்புவது பதிவில் ஏறாது. இன்னொரு முறை நடந்தால் நான் நீதிபதிக்கு எழுதியே ஆக வேண்டும். அதற்குப் பிறகு எதுவும் என் கையில் இல்லை.” இறங்குவதற்கு முன் அலுவலகத்துக்குப் போன் செய்து நேரத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள், அப்போது அலாரம் வந்தாலும் குறித்துக்கொள்வார்கள் என்றும் வழி சொன்னார்.

நல்ல வழிதான். ஆனால் கூப்பிட்டால், ‘காத்திருங்கள், உங்களுக்கு முன்னால் பதினான்கு பேர் இருக்கிறார்கள்’ என்று ஒரு பதிவுக்குரல் வரும். பிறகு பாட்டு. சித்தப்பா மொட்டைமாடிக் கதவருகே போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டபடி நிற்பார். நாற்பது நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம் காத்திருப்பு. நாளுக்கு ஆறு கட்டடம் பார்த்தவர் மூன்றுதான் பார்த்தார். வேலை போனால் அதையும் இரண்டு நாளில் தெரிவிக்க வேண்டும் என்பது நினைவிருக்கட்டும். ஜெயில் இந்தப் பக்கமும் இருந்தது, அந்தப் பக்கமும் இருந்தது. அந்த வாரங்களில் அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். பேச்சுக்கு நடுவில் குனிந்து பட்டையின் விளக்கு பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்பார்.

பிறகு அந்த வியாழக்கிழமை.

நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்தில் கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். காலை பதினொன்றேகாலுக்குச் சித்தப்பா கூப்பிட்டார். வேலை நேரத்தில் அவர் என்னைக் கூப்பிட்டதே கிடையாது.

“பாப்பா, ஒன்பது மாடிக் கட்டடம். ஆபீஸ் லைனே கிடைக்கலை. பாட்டுகூட வரலை. சூப்பர்வைசர் பக்கத்துல நிக்கறாரு.”

பின்னால் அந்த சூப்பர்வைசரின் குரல் கேட்டது. “யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாங்க, பிரேக். போன மாசம்தானே பாத்தோம்? மேலோட்டமா ஒரு ரவுண்டு விட்டுட்டுக் கையெழுத்தைப் போடு. உன் காலுக்கும் நல்லது, என் தலைக்கும் நல்லது.”

“இவர் சொல்றது கேக்குதா?” என்றார் சித்தப்பா.

“கேக்குது.”

“இறங்கினா மூணாவது. இறங்காம கையெழுத்துப் போட்டா…” அவர் முடிக்கவில்லை. “என்ன பண்ணட்டும்?”

நான் யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல ஆசைதான். யோசிக்கவே இல்லை. என் கண்முன் கழுவாத அந்த இரண்டு தம்ளர்கள்தான் வந்தன. “இறங்காதீங்க சித்தப்பா,” என்றேன். “இந்த ஒரு தடவை போட்டுடுங்க.”

“சரிம்மா, நீ வேலையைப் பாரு,” என்று வைத்துவிட்டார்.

வைத்துவிட்டு, போனைக் கருவிப்பெட்டிக்குள் போட்டார். எச்சரிக்கைப் பலகையைத் தொங்கவிட்டார். ஷாஃப்டுக்குள் போனார்.

ஆறாம் மாடிக் கதவின் பூட்டைத் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, அதன் இரண்டு மின்முனைகளையும் யாரோ ஒரு செம்புக் கம்பியால் இணைத்துக் கட்டியிருந்தது தெரிந்தது. பூட்டு கெட்டிருந்தாலும் கதவு பூட்டியிருப்பதாக லிஃப்டை நம்ப வைக்கிற கம்பி அது. பழுது நீக்க நேரமில்லாத எவனோ ஒருவன் தற்காலிகமாகச் செய்துவிட்டு மறந்து போயிருக்கிறான். சித்தப்பா கம்பியை அறுத்தார், லிஃப்டை நிறுத்தினார், மேலே ஏறி வந்தார். கருவிப்பெட்டியின் இரு பக்கமும் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். போனில் தவறிய அழைப்புகள் ஒன்பது. சூப்பர்வைசரைக் காணவில்லை.

அன்று முழுவதும் அவரைக் காவலில் வைத்திருந்தார்கள். மறுநாள் காலை பத்தரைக்கு விசாரணை. சித்தி ஒரு பையில் மாற்றுச் சட்டை, பல் துலக்கும் பிரஷ், ரத்த அழுத்த மாத்திரை எல்லாவற்றையும் எடுத்து வந்திருந்தார். “உள்ள போனா மாத்திரையை விடுவாங்களா பாப்பா?” என்று மூன்று முறை கேட்டார்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் அன்று விடுப்பு. நான் உறுதிமொழி சொல்லி அந்த இடத்தில் நின்றேன். நீதிபதி வயதில் மூத்த பெண். சித்தப்பா முகத்தைவிடக் காகிதத்தைத்தான் அதிகம் பார்த்தார்.

“போனை ஏன் உடன் எடுத்துச் செல்லவில்லை?”

சித்தப்பா பேனா கதையைச் சொன்னார். நான் மாற்றிச் சொன்னேன்.

“அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல முடியவில்லை என்றால், அந்தச் சோதனையைத் தள்ளிப் போட்டிருக்கலாமே?”

“தள்ளிப் போட விடலைங்க. கையெழுத்துப் போடச் சொன்னாங்க.”

“போட்டிருந்தால் அலாரம் வந்திருக்காது. இன்று நீங்கள் இங்கே நிற்க வேண்டியிருந்திருக்காது. அது தெரியும்தானே?”

“தெரியும்ங்க.” சித்தப்பாவின் கை, கூண்டின் மரக்கட்டையைப் பிடித்திருந்தது. “போன தடவை உள்ள இறங்காம கையெழுத்துப் போட்டுதான் இந்தக் கூண்டுக்கே வந்தேன். இந்தத் தடவை இறங்கிட்டு வந்திருக்கேன். எப்படியும் வர்றதுன்னு ஆச்சு, இறங்கிட்டே வரலாம்னு பட்டுது.”

இதை நான் மொழிபெயர்க்க வேண்டும். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல்தான். ஆனால் முந்தைய நாள் ‘இறங்காதீங்க’ என்ற வாய்தானே இது? நீதிபதி நிமிர்ந்து, “உங்களுக்குத் தண்ணீர் வேண்டுமா?” என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு சொல்லும் விடாமல் சொல்லி முடித்தேன்.

ஆபீசரம்மா எழுந்தார். முதல் நாள் மாலை அவரே அந்தக் கட்டடத்துக்குப் போயிருக்கிறார். ஷாஃப்ட் வாசலில் தன் போனை நீட்டிப் பார்த்ததாகவும், சிக்னல் போய்விட்டதாகவும் சொன்னார். செம்புக் கம்பியை ஓர் உறையில் போட்டு மேசையில் வைத்தார். “மீறல் மீறல்தான். ஆனால் நாம் போட்ட நிபந்தனைகளில் இரண்டு ஒன்றோடொன்று மோதுகின்றன. வேலையையும் செய்யச் சொல்கிறோம், வேலை செய்யும் இடத்தில் இருக்கவும் விடவில்லை,” என்றார்.

நீதிபதி பாராட்டவில்லை. கருணை என்றும் சொல்லவில்லை. பட்டைக் காலம் மூன்று மாதம் நீட்டிப்பு. பொதுப்பணி நாற்பது மணி நேரம் கூடுதல். இனி ஷாஃப்டுக்குள் போகும் முன் ஒரு பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பாளர் உடனே அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டு, இவர் வெளியே வரும்வரை போனும் கையுமாக இருக்க வேண்டும். ஒரு முறைக்கு நாற்பது நிமிடம்தான். நாற்பதாவது நிமிடத்தில் தகவல் வராவிட்டாலோ, பொறுப்பாளர் போனை எடுக்காவிட்டாலோ, நிறுத்தி வைத்த ஓராண்டு அன்றே தொடங்கும்.

“பொறுப்பாளர் யார்?” என்று நீதிபதி கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். சித்தப்பா என்னையே பார்த்தார்.

எனக்கு போனில் பேசுவது பிடிக்காது. மணி அடித்தால் யாராவது எடுக்கட்டும் என்று இருப்பவள். அன்றிலிருந்து போன் என் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. “இறங்கறேன் பாப்பா,” என்பார். நான் நேரத்தைக் குறித்து அலுவலகத்துக்குச் செய்தி அனுப்புவேன். பிறகு தட்டச்சு செய்வேன். என்ன தட்டச்சு செய்தேன் என்று தெரியாது. முப்பதாவது நிமிடத்தில் தட்டச்சை நிறுத்துவேன். முப்பத்தைந்தில் எழுந்து ஜன்னலோரம் போவேன். “ஏறிட்டேன்” என்று வரும். சில நாள் நான்கு முறை. ஒரு முறை முப்பத்தொன்பதாவது நிமிடத்தில் வந்தது. ஒரு திருகாணி விழுந்துவிட்டதாம், தேடினாராம். “உசிரே போச்சு சித்தப்பா,” என்றேன். “எனக்கு மட்டும் இருந்துதா என்ன?” என்றார்.

சில நிமிடங்களில் என் பயம் ஜெயிலைப் பற்றியதாகவே இருக்காது. அவர் நிற்பது ஓர் ஓடும் பெட்டியின் கூரைமேல் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பது வருடம் அங்கேதான் நின்றிருக்கிறார். யாரும் மணி பார்த்ததில்லை.

ஒன்பது மாதம் முடிந்த செவ்வாயன்று ஆபீசரம்மா ஒரு வெட்டுக் குறட்டால் பட்டையை அறுத்து எடுத்தார். கணுக்காலில் ரோமம் உதிர்ந்து, வெளுத்த வளையம் தெரிந்தது. “இனி வாரம் ஒரு கையெழுத்து மட்டும்தான். பொறுப்பாளர் ஏற்பாடும் இன்றோடு முடிந்தது,” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வெளியே வந்ததும் சித்தி அங்கேயே, தெருவிலேயே உட்கார்ந்து அழுதார். சித்தப்பா காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்து பார்த்தார்.

மறுநாள் காலை ஒன்பது பத்துக்கு என் போன் அடித்தது.

“இறங்கறேன் பாப்பா.”

“சித்தப்பா, அதான் நேத்தே முடிஞ்சு போச்சே. இனிமே சொல்ல வேண்டாம்.”

“தெரியும்மா.” ஷாஃப்ட் கதவு திறந்திருக்க வேண்டும்; அவர் குரலுக்குப் பின்னால் அந்தக் கிணற்றின் காற்று கேட்டது. “கால் இங்கயே நிக்குது, உள்ள போக மாட்டேங்குது. அரை மணியா நிக்கறேன். முன்ன எல்லாம் நான் உள்ள இருக்கறது யாருக்கும் தெரியாது. அது அப்போ ஒண்ணும் தோணலை. இப்போ பயமா இருக்கு.”

நான் எழுந்து ஜன்னலோரம் போனேன்.

“கட்டாயம் இல்லைதான். இருந்தாலும் கேக்கறேன்,” என்றார். “நான் ஏறிட்டேன்னு சொல்ற வரைக்கும் போனைக் கையிலயே வெச்சுக்கறியா?”